நாலாவது அடி விழாத பாட்டு

அவர் எந்த சினிமாவையும் முழுதாகப் பார்த்தவர் இல்லை. கடைசிச் சண்டைக்காகக் கதாநாயகன் சட்டைக் கையை மடக்கும்போதே இவர் இருட்டில் காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்திருப்பார். கூடப் போன நம் பாடுதான் திண்டாட்டம். நாலைந்து பேர் முழங்காலில் இடித்து, திட்டு வாங்கி, அவர் பின்னால் வெளியே வந்து சேர வேண்டும். "கூட்டம் வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துறலாம்ல மாப்ள" என்பார். நானும் வெகுநாள் அதுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை மொத்தமே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த பகல் காட்சியிலும் அப்படியே எழுந்து வந்துவிட்டார். எனக்குக் கடுப்பாகிவிட்டது.

"அண்ணே, அந்தாளு சாகுறானா பொழைக்கிறானான்னு பாக்க வேணாமா?"

"நாமதான் வந்துட்டோம்ல. இனி எப்படிச் சாவான்?" என்று சொல்லி வண்டியை மிதித்தார்.

சினிமா மட்டுமில்லை. டீ கிளாஸில் கடைசி மடக்கு எப்போதும் மிச்சமிருக்கும். பந்தியில் மோர் வருவதற்குள் கை கழுவியிருப்பார். சுவாரசியமாக எதையாவது சொல்லிக்கொண்டே வந்து, பாதி வாக்கியத்தில் "சரி, வாரேன்" என்று கிளம்பிவிடுவார். மூன்று நாள் கழித்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். நமக்குத்தான் எந்தக் கதை என்று நினைவிருக்காது. ஒரு மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்திருக்கிறார். கல்யாண வரவேற்புகளில் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டோடு குச்சிகளைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு இறங்கிவிடுவாராம். குழுத் தலைவர் கையைத் தட்டியே தாளம் போட்டுச் சமாளித்திருக்கிறார். மூன்றாவது கல்யாணத்தோடு பொறுமை போய்விட்டது. "என்னைய நிறுத்தலாம்னு அவய்ங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நானே நின்னுட்டேன் மாப்ள" என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

சிம்மக்கல்லில் அவர் அப்பாவுக்கு பேரிங் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பாவும் மகனும் தங்கள் வீட்டு மொழியில் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது, எதைப் பற்றி என்பது மட்டும் நன்றாகப் புரியும். ஒரு நாள் எனக்காகவே பெரியவர் தமிழுக்கு மாறினார்: "கடையில இருக்குற பேரிங் பூராம் இவன் கால்லதாம்ப்பா மாட்டியிருக்கு."

நான் முதலில் போனது எங்கள் கிணற்று மோட்டாருக்காக. கீழக்குயில்குடியில் மலையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மோட்டார் கத்த ஆரம்பித்ததும் அப்பா பழைய பேரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். இவர் அந்த பேரிங்கை ஒரு விரலில் மாட்டிச் சுழற்றி, காதருகே வைத்துக் கேட்டு, "குண்டு தேஞ்சுருச்சு" என்றார். புதியதை எடுத்து அதேபோலச் சுழற்றினார். அது சர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே தாளில் பொதிந்து என்னிடம் நீட்டிவிட்டார். நின்ற பிறகு கொடுக்கக் கூடாதா என்று அப்போதே நினைத்தேன்.

கடையின் பின்பக்கம் ஏதோ கிரைண்டர் ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது. சும்மா கேட்டு வைத்தேன்.

"கிரைண்டரா? பாட்டு மாப்ள." முதல் சந்திப்பிலேயே மாப்ள. "நல்லாக் கேளு. இவய்ங்க அஞ்சு பேரும் ஒரு நிமிசம் உக்கார மாட்டாய்ங்க."

அதுதான் அந்த ஆல்பம். த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக ராக். அமெரிக்காவில் ஏதோ ஒரு தொழிற்சாலை ஊரில் ஐந்து பேர் சேர்ந்து, இரண்டு ஆல்பம் போட்டு, காணாமல் போன குழு. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. மெட்டல் கேட்கிறவர்களிடம் சொன்னாலே புருவத்தைச் சுருக்குகிறார்கள். எட்டுப் பாட்டுகள். மூடிய உலை, விஷக் காற்று, வேலை போன அப்பன் என்று என்னென்னவோ பாடுகிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு கிடாரும் தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு கடகடவென்று அரைத்தன. ட்ரம்ஸ் அவற்றைத் துரத்திக்கொண்டே இருந்தது. பாடுகிறவன் பின்னால் யாரோ அரிவாளோடு வருகிற மாதிரி மூச்சு வாங்கினான். நான் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டேன். கேசட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் அங்கேயே நின்று கேட்டேன். அப்பாவிடம் கடையில் கூட்டம் என்று பொய் சொன்னேன்.

அந்த கேசட் மதுரைக்கு வந்ததே ஒரு கூத்து. காளவாசலில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த ஒருவருக்கு மச்சினர் துபாயிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கேசட் அனுப்பியிருந்தார். அதில் இது ஒன்று. கேட்டுப் பார்த்துவிட்டு, மச்சினர் தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். நம்மவர் அதை ஒரு பச்சை நிற அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினார். "முழுசும் ஏறிருச்சு தம்பி, நான் கேரண்டி" என்று சென்டர்க்காரர் சொன்னார். அடுத்த மாதம் மார்கழி. பக்திப் பாட்டு பதிந்து கொடுக்க அவசரமாக ஆர்டர் வந்தபோது கடையில் நல்ல டேப் இல்லை. மனிதர் துபாய் கேசட்டில் யாரும் அழித்துவிடாமல் இருக்க விட்டிருந்த ஓரத்து ஓட்டைகளில் செல்லோடேப்பை ஒட்டி, அதன்மேலேயே பக்திப் பாட்டைப் பதிந்து கொடுத்துவிட்டார். "நல்ல டேப்பு தம்பி. வீணாக் கெடக்கேன்னுதான்" என்றார், துளிக்கூட வருத்தமில்லாமல். ஆக, ஊரில் மிஞ்சியது இவருடைய அறுபது நிமிடப் பிரதி ஒன்றுதான். அதிலிருந்து நான் பதிந்தேன், என்னிடமிருந்து வேறு சிலர் பதிந்தார்கள். ஒரு இருபது பேர் இருப்போம். எங்கள் எல்லோருக்கும் அந்த ஆல்பம் அந்த ஒரு கேசட்டில் இருந்தபடிதான் தெரியும்.

கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு நிமிடம் ஓடும். ஆல்பத்திலேயே பெரியது. வேகம் ஏறி ஏறி, இதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் கை கழன்று விழும் என்கிற இடத்துக்கு வரும்போது எல்லா வாத்தியமும் சேர்ந்து மூன்று அடி விழும். டம். டம். டம். நாலாவது அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. டேப்ரிக்கார்டரின் பட்டன் டக்கென்று மேலே எழும், அவ்வளவுதான். இப்படி ஒரு முடிவை எந்தப் பாட்டிலும் நான் கேட்டதில்லை. பின்னால் எங்களோடு பாடிய பிரிட்டோ, சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவன், எதையும் சந்தேகப்படுகிறவன். அவன் ஒருமுறை கேட்டான்: "பாட்டு முடிஞ்சுச்சா, டேப்பு முடிஞ்சுச்சா?"

"ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுச்சு" என்றார் இவர். "நம்மள மாதிரி ஒருத்தன் அமெரிக்காவுலயும் இருக்கான் மாப்ள. பட்டுன்னு எந்திரிச்சுட்டான் பாரு."

அவர் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்டது அந்த ஒரு பாட்டைத்தான்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். நான் கிடார், பிரிட்டோ பாட்டு, இவர் ட்ரம்ஸ். பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களும் இரண்டு நாளில் தலைவலி என்று போய்விட்டார்கள். எங்கள் மோட்டார் ரூம்தான் இடம். எங்கள் சத்தத்தை எதிரே இருந்த சமணர் மலைப் பாறை இரண்டு பங்காகத் திருப்பி அனுப்பும். அப்பா எங்களை ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். "டேய், கரண்டு வந்துருச்சு. ஒங்க சாமானெல்லாம் தூக்குங்கடா, கடலைக்குத் தண்ணி பாச்சணும்." பாதிப் பாட்டில் ட்ரம்ஸைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்போம். எனக்கு எரிச்சலாக வரும். இவருக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம். பாதியில் விட்டுப் போக அவருக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும், வண்டியை எடுத்துவிடுவார்.

ஆனால் கடைசிப் பாட்டு வேறு. அந்த மூன்று அடியையும் அடித்துவிட்டு இரண்டு குச்சிகளையும் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். மலையிலிருந்து மூன்று அடிகளும் திரும்பி வரும். நாலாவது அங்கேயும் இருக்காது. அதன் பிறகும் ஒரு மூச்சு நேரம் அப்படியே இருப்பார். அவர் விரலோ காலோ ஆடாமல் நான் பார்த்தது அப்போது மட்டும்தான். பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

எனக்கு அந்த வருடம் ஒரே ஒரு ஆசை. அந்தப் பாட்டை ஒரு மேடையில், நாலு பேர் முன்னால், அந்த முடிவோடு வாசித்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பிரிட்டோ படித்த கல்லூரியின் ஆண்டுவிழாவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மெல்லிசை என்ற தலைப்பில் பெயர் கொடுத்திருந்தான் பாவி. எனக்கு அதெல்லாம் கவலையாக இல்லை. இந்த மனிதர் கடைசிவரை மேடையில் இருப்பாரா என்பதே கவலை. ஒரு வாரம் தூக்கமில்லை. விழா அன்று மத்தியானம், மேடைக்குப் பின்னால் அவர் இரண்டு தடவை வண்டிச் சாவியை எடுத்தார். இரண்டாவது தடவை நான் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நா. கடைசிப் பாட்டு முடியிற வரைக்கும் இருங்கண்ணே."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அம்புட்டுத்தான? இருக்கேன். கையை எடு, சட்டை கிழிஞ்சுறப் போகுது."

முதல் பாட்டு மூன்று நிமிடம். கூட்டம் திகைத்துப் போயிருந்ததால் தப்பித்தோம். இரண்டாவதாகக் கடைசிப் பாட்டை ஆரம்பித்ததும் திகைப்பு தெளிந்துவிட்டது. விசில், ஊளை, சினிமாப் பாட்டைப் பாடு என்று கத்தல். ஒரு செருப்பு வந்து என் காலடியில் விழுந்தது. மூன்றாவது நிமிடம் முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்து மைக்செட்காரரைப் பார்த்துக் கையை வெட்டுவது போல் ஆட்டினார். அவ்வளவுதான். என் கிடார் செத்தது. பிரிட்டோ வாயை அசைத்தான், ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் ஓவென்று சிரித்தது. பிரிட்டோ என்னைப் பார்த்தான். நான் கிடாரைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். அவனும் என் பின்னால் வந்தான்.

ஒரு வாரமாக அவர் ஓடிவிடுவாரோ என்று பயந்தவன் நான். ஓடியது நான்தான். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

ட்ரம்ஸுக்குக் கரண்டு தேவையில்லை. நாங்கள் மேடைக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. இப்போது இறங்கிவிடுவார், இதோ இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. கிடாரும் குரலும் இல்லாமல் அந்தப் பாட்டை வெறும் அடிகளாக வாசித்துக்கொண்டே போனார். நாலு நிமிடம். பாட்டின் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரியும் என்பதால் என் காதில் எல்லா வாத்தியமும் கேட்டன. கூட்டத்துக்கு என்ன கேட்டதோ தெரியாது, சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல அடங்கியது. வேகம் ஏறியது. டம். டம். டம்.

ஒரு சத்தமில்லை. நான் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் பேர் நாலாவது அடிக்காகக் காத்திருந்தார்கள். பிறகு எங்கோ பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான், அப்புறம் இடி மாதிரி கைதட்டல். அதற்குள் இவர் எழுந்து, குச்சிகளைப் பின்பாக்கெட்டில் சொருகி, பக்கவாட்டுப் படியில் இறங்கி வண்டியை எடுத்துப் போய்விட்டார். கைதட்டலில் பாதியைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார்.

நான் ஓடியதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து வாசிக்கவும் இல்லை. பிரிட்டோ வேலைக்குப் போனான், நான் பெங்களூருக்குப் போனேன், மோட்டார் ரூமில் அப்பா உரமூட்டை அடுக்கினார்.

ஏழெட்டு வருடம் கழித்து பெங்களூரில் ஒரு கடையில் அந்த ஆல்பத்தைப் பார்த்தேன். சிடியாக மறுபடி போட்டிருந்தார்கள். பின்னட்டையில் கடைசிப் பாட்டுக்கு நேரே பதினோரு நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து போட்டேன். டம், டம், டம். நாலாவது அடி விழுந்தது.

அதற்குப் பிறகு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. ஒற்றைக் கிடார் மட்டும் மெதுவாக வரும். பின் ட்ரம்ஸ், அதுவரை அந்த ஆல்பத்தில் எங்கும் இல்லாத நிதானத்தில், களைத்துப் போய் வேலையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற ஆள் மாதிரி. சென்டர்க்காரரின் அறுபது நிமிட கேசட்டில் இதற்கு இடம் போதவில்லை. கேரண்டி கொடுத்த மனிதர் பட்டனை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

இரண்டு வருடம் அந்த சிடியை நான் அவரிடம் கொண்டு போகவில்லை. மதுரைக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் இருக்கும், சிம்மக்கல் பக்கம் போகாமலே திரும்பிவிடுவேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவுவரை உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய், அதுவும் முடிவில்லை அண்ணே என்று எப்படிச் சொல்வது? அதுவும் மேடையிலிருந்து ஓடிய நான்? சொல்லாமல் இருப்பதும் திருட்டு மாதிரி உறுத்தியது. அவருக்குச் சேர வேண்டிய நாலு நிமிடத்தை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்னைப் போக வைத்தது எங்கள் கிணற்று மோட்டார்தான். மறுபடி கத்தியது. போனேன். பெரியவரின் நாற்காலி காலியாக, மேலே மாலை போட்ட படமாக அவர். இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"வாடா மாப்ள. என்ன, கத்துதா?" டீ சொன்னார். அவராகவே ஆரம்பித்தார். "அந்தப் பச்சைக் கேசட்டு பூஞ்சை புடிச்சுருச்சு மாப்ள. ஒன் பெங்களூர்ல கெடைக்குமா?"

இனி மறைக்க வழியில்லை. பையிலிருந்து டிஸ்க்மேனை எடுத்தேன். "கெடச்சுதுண்ணே. ஆனா கடைசிப் பாட்டு..." என்று இழுத்தேன். அவர் அதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நேராகக் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னார்.

மேசையில் இருந்த பேரிங் டப்பா மேல் இரண்டு கை விரல்களும் ஓட ஆரம்பித்தன. கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆகியும் ஒரு அடி தவறவில்லை. டிஸ்க்மேனின் சின்ன ஜன்னலில் நிமிடம் ஆறு, ஆறரை, ஏழு. டம். டம். டம். கைகள் மேலே போய் நின்றன. வழக்கம்போல் அசையாமல்.

அவர் காதில் நாலாவது அடி விழுந்தது. அது விழுந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். ஆள் கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பி, கடை வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவ்வளவு நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டப்பாவில் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, இடம் தேடித் தேடி, அந்தப் புதுத் தாளத்தை அவர் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடியிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்று, "அறுபத்திரெண்டு நாட் மூணு பேரிங் ஒண்ணு குடுங்கண்ணே" என்றார். அவர் கண்ணைத் திறந்து, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்துவிட்டார்.

"அண்ணே, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குண்ணே" என்றேன். கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

"இன்னும் இருக்கா?" என்று திரும்பினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் மோட்டார் ரூமில்கூடப் பார்த்ததில்லை. "அப்ப இருக்கட்டும் மாப்ள."

அலமாரியிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றினார், காதருகே வைத்துக் கேட்டார். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே தாளில் பொதிந்து வாசலில் நின்றவரிடம் நீட்டினார்.